டப்ளின் கடிதம் வந்துவிட்டது: தம்பி ஆறு மாதம் ஒளிந்திருக்கலாமா?

அட்டனுக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கும் கேள்வி இது. தம்பி 2024 ஒக்டோபரில் வேலை விசாவில் ருமேனியாவுக்குப் போனார். இறைச்சி பதப்படுத்தும் தொழிற்சாலையில் வேலை. ஏஜென்சிக்காரர் சொன்ன சம்பளம் ஒன்று, கைக்கு வந்தது இன்னொன்று. 2025 செப்டெம்பரில் பஸ் ஏறி பிரான்ஸுக்குப் போய்ப் புகலிடம் கேட்டார். இப்போது, விண்ணப்பத்துக்குப் பொறுப்பு ருமேனியாதான், அங்கே அனுப்பப்போகிறோம் என்று கடிதம் வந்திருக்கிறது. "ருமேனியாவில் தம்பி அசூல் (புகலிடம்) கேட்கவே இல்லையே, வேலைதானே செய்தான்? ஆறு மாதம் தலைமறைவாக இருந்தால் பிரான்ஸே கேஸை எடுத்துக்கொள்ளும் என்கிறார்கள், உண்மையா? பாரிஸில் தாய்மாமா பிரஜாவுரிமையோடு இருக்கிறார், அது உதவாதா? ருமேனியாவுக்குப் போனால் அங்கிருந்து நேராகக் கட்டுநாயக்காவுக்கு ஏற்றிவிடுவார்களா?"

நான்காக வந்தாலும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான். தம்பி சொல்லவிருப்பதை ஏதாவது ஒரு நாடு உட்கார்ந்து கேட்குமா, கேட்காமலே திருப்பி அனுப்பிவிடுமா? ஒரு நாடு கேட்டே ஆக வேண்டும், அது சட்டம். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அந்த நாடு ருமேனியாவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அந்த விசாரணை தம்பிக்குக் கிடைக்காமல் போக ஒரு வழி இருக்கிறது என்றால், அது அவருக்கு இப்போது சொல்லப்படும் அந்தத் தலைமறைவு யோசனைதான். கடிதத்தைப் பார்க்காமல் எழுதுகிறேன். ஆகவே உறுதியாகச் சொல்லக்கூடியதையும், கடிதத்தைப் பார்த்த பிறகே சொல்லக்கூடியதையும் பிரித்தே சொல்கிறேன்.

டப்ளின் என்பது அகதியா இல்லையா என்று தீர்மானிக்கிற சட்டம் அல்ல. எந்த நாடு தீர்மானிக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்கிற சட்டம். 1990 ஜூனில் அயர்லாந்தின் தலைநகரில் கையெழுத்தான உடன்படிக்கை என்பதால் அந்தப் பெயர். தம்பியின் விண்ணப்பத்துக்குப் பொருந்துவது 604/2013 என்ற எண்ணுள்ள மூன்றாவது வடிவம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளோடு சுவிஸ், நோர்வே, ஐஸ்லாந்து, லிக்டென்ஸ்டைன் ஆகியவையும் இதில் சேர்ந்திருக்கின்றன. "முதலில் கால் வைத்த நாடு" என்று நம் ஆட்கள் சுருக்கமாகச் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். சட்டத்தில் ஒரு வரிசை இருக்கிறது; மேலே இருப்பது பொருந்தாவிட்டால்தான் கீழே இருப்பதைப் பார்ப்பார்கள். முதலில், தனியாக வந்த சிறுவரா. அடுத்து, நெருங்கிய குடும்பத்தவர் பாதுகாப்புப் பெற்றோ விண்ணப்பம் போட்டோ ஒரு நாட்டில் இருக்கிறாரா. அதற்கடுத்து, விசாவோ வதிவிட அட்டையோ கொடுத்த நாடு எது. அதன் பிறகுதான் களவாக எல்லை கடந்து நுழைந்த நாடு. அந்தப் பொறுப்பும் நுழைந்த நாளிலிருந்து 12 மாதத்தோடு முடிந்துவிடும். எதுவுமே பொருந்தவில்லை என்றால், முதல் விண்ணப்பம் எங்கே பதிவானதோ அந்த நாடு.

தம்பி ருமேனியாவில் அசூல் கேட்காதது இங்கே ஒரு பொருட்டே இல்லை. வேலை விசாவும் வதிவிட அட்டையும் கொடுத்து அவரை உள்ளே எடுத்த நாடு ருமேனியா. அந்த ஒன்றே போதும். சட்டத்தின் 12ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது: வதிவிட அட்டை செல்லுபடியாக இருந்தால் கொடுத்த நாடு பொறுப்பு, விசா செல்லுபடியாக இருந்தாலும் அப்படியே. காலாவதியாகிவிட்டாலும் தப்ப முடியாது. விசா முடிந்து ஆறு மாதம் ஆகவில்லை என்றாலோ, வதிவிட அட்டை முடிந்து இரண்டு வருடம் ஆகவில்லை என்றாலோ, ஆள் இந்த நாடுகளை விட்டு வெளியேறாத வரைக்கும் அதே நாடுதான். இதில் எண்ணப்படும் நாள் இன்றைய நாள் அல்ல, முதல் புகலிட விண்ணப்பம் பதிவான நாள். தம்பியின் அட்டை 2025 செப்டெம்பரில் உயிரோடு இருந்திருந்தால், அதன் பிறகு அது காலாவதியானதால் எதுவும் மாறாது. விசா எடுக்கும்போது கொடுத்த பத்திரம் பொய்யானது என்று பின்னால் தெரியவந்தாலும், பொதுவாகப் பொறுப்பு மாறாது. "நான் ருமேனியாவில் கைரேகை கொடுக்கவில்லை, எப்படிக் கண்டுபிடித்தார்கள்" என்று சிலர் கேட்பார்கள். யூரோடக் என்கிற கைரேகைக் களஞ்சியத்தில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. கடவுச்சீட்டில் ஒட்டியிருக்கும் விசா, பையில் இருந்த அட்டை, முதல் நேர்முகத்தில் அவரே சொன்னது, நாடுகள் ஒன்றையொன்று கேட்டுப் பெறும் தகவல், இவற்றில் ஒன்று இருந்தாலே போதும்.

இனி அந்தக் கடிதம். பிரான்ஸில் இதைக் கொடுப்பது ப்ரிபெக்சர் என்கிற அரச நிர்வாக அலுவலகம். பல பக்கம் இருக்கும், பெரும்பகுதி எல்லோருக்கும் பொதுவான வாசகம். நீங்கள் தேட வேண்டியது நான்கே விஷயம். பிரான்ஸ் ருமேனியாவிடம் கேட்ட நாள், ருமேனியா ஏற்ற நாள், எந்தப் பிரிவின் கீழ் ஏற்றது, கடிதம் தம்பி கையில் கிடைத்த நாள். பிரிவு எண் கேஸின் கதையையே சொல்லிவிடும். 12.1 என்றால் வதிவிட அட்டை, 12.2 என்றால் செல்லுபடியான விசா, 12.4 என்றால் காலாவதியான விசா அல்லது அட்டை, 13.1 என்றால் களவாக எல்லை கடந்தது. 18.1 என்று போட்டுப் பக்கத்தில் 'பி' என்ற எழுத்து இருந்தால், அங்கே ஏற்கெனவே விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது என்று அர்த்தம். 'டி' இருந்தால் அங்கே நிராகரிக்கப்பட்டுவிட்டது என்று அர்த்தம். தம்பி ருமேனியாவில் கேட்கவே இல்லை என்கிறீர்கள், கடிதத்தில் 18.1 'பி' அல்லது 'டி' இருந்தால், வேறு யாரோ அவர் பெயரில் தாள் நிரப்பியிருக்கிறார்கள், அல்லது என்னவென்று தெரியாமல் அவரே ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதை உடனே சட்டத்தரணியிடம் சொல்ல வேண்டும். 22.7 என்ற எண்ணும் இருக்கலாம். ருமேனியா பதிலே சொல்லவில்லை, இரண்டு மாதம் கழிந்ததால் ஏற்றதாக எடுத்துக்கொள்ளப்பட்டது என்பது அதன் பொருள். மௌனமும் இந்தச் சட்டத்தில் சம்மதம்தான்.

நாட்கணக்குகளையும் சரிபாருங்கள். விண்ணப்பம் பதிவான நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் பிரான்ஸ் ருமேனியாவிடம் கேட்டிருக்க வேண்டும். யூரோடக்கில் கைரேகை பொருந்தியிருந்தால் அது இரண்டு மாதம். அந்தக் கெடு தவறியிருந்தால் பொறுப்பு பிரான்ஸுக்கே வந்துவிடும். அதை வைத்து விண்ணப்பதாரர் நீதிமன்றத்தில் வாதாடலாம் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2017 ஜூலையில் தீர்ப்பளித்திருக்கிறது. இப்படித் தவறுவது அபூர்வம்தான். ஆனாலும் பார்க்காமல் விடக்கூடாது, ஏனென்றால் வெல்லக்கூடிய வாதங்களில் இதுதான் மிகச் சுத்தமானது.

இப்போது அந்த ஆறு மாதம். பாரிஸில் நம் ஆட்கள் கூடும் லா சப்பலில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், அதனாலேயே நம்பவும் தோன்றும். சட்டத்தில் ஆறு மாதம் இருப்பது உண்மை. ருமேனியா ஏற்ற நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் பிரான்ஸ் அவரை அனுப்பிவைக்காவிட்டால், பொறுப்பு பிரான்ஸுக்குத் திரும்பிவிடும். ஆனால் அந்த ஆறு மாதம் ஒளியாதவருக்கான கணக்கு. கூப்பிட்ட நாளுக்குப் போய்க் கையெழுத்து வைத்துக்கொண்டு, பதிந்த முகவரியிலேயே இருக்கிறவரை அரசு தன் தாமதத்தால் அனுப்பாமல் விட்டால்தான் அது பலிக்கும். ஓடிவிட்டார் என்று பதிவானதும் ஆறு மாதம் 18 மாதமாகிறது. அதற்குப் பெரிய வேலையும் இல்லை. ஆறு மாதம் முடிவதற்குள் பிரான்ஸ் ருமேனியாவுக்கு ஒரு அறிவித்தல் அனுப்பினால் போதும். 2019 மார்ச்சில் ஜாவோ வழக்கில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பில் இது தெளிவாக இருக்கிறது. கடமைகளை அறிவித்திருந்தும், தங்குமிடத்தை விட்டு யாருக்கும் சொல்லாமல் போய்விட்டால், வேண்டுமென்றே தப்பியதாக எடுத்துக்கொள்ளலாம் என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது.

அந்த 18 மாதம் எப்படிப் போகும் என்பதை ஒளியச் சொல்கிறவர் சொல்வதில்லை. உதவித்தொகை நிற்கும். தங்குமிடம் போகும். சட்டப்படி வேலை செய்ய முடியாது. கள்ள வேலையில் சம்பளம் தராமல் விட்டால் கேட்க நாதியில்லை. பொலிஸ் வழியில் பிடித்தால், தப்பியோடக்கூடியவர் என்ற காரணத்தைக் காட்டித் தடுப்பு முகாமில் வைத்து அங்கிருந்தே விமானத்தில் ஏற்றலாம். தப்பித்தவறி 18 மாதம் கழிந்து பிரான்ஸ் கேஸை எடுத்தாலும், "உயிருக்குப் பயந்து வந்தேன் என்கிறீர்கள், இவ்வளவு காலம் ஏன் விசாரணைக்கு வரவில்லை" என்பது நேர்முகத்தில் வரக்கூடிய கேள்வி. இன்னொன்று: 2024 மேயில் ஐரோப்பிய ஒன்றியம் நிறைவேற்றிய புதிய சட்டத் தொகுதி 2026இன் நடுப்பகுதியிலிருந்து டப்ளினின் இடத்துக்கு வருகிறது. அதில் ஓடிப்போனவருக்கான கெடு மூன்று வருடம் வரை. விசா காலாவதி ஆறு மாதம் என்றிருப்பது 18 மாதமாகவும், வதிவிட அட்டைக்கு இரண்டு வருடம் என்றிருப்பது மூன்று வருடமாகவும், களவாக நுழைந்ததற்கான 12 மாதம் 20 மாதமாகவும் நீள்கிறது. பொறுப்பான நாட்டில் இல்லாமல் வேறு நாட்டில் இருப்பவருக்கு உதவித்தொகை கிடைப்பதும் சுருங்குகிறது. தம்பியின் விண்ணப்பம் அதற்கு முன்பே பதிவானதால், எந்த நாடு பொறுப்பு என்பது பழைய அளவுகோலின்படியே பார்க்கப்படும். ஆனால் ஊரிலிருந்து இனிப் புறப்படுகிறவர்கள் பழைய கதைகளை நம்பிப் போகக்கூடாது.

தாய்மாமா விஷயத்தில் உங்களுக்கு ஏமாற்றம்தான். நமக்கு மாமா குடும்பம். இந்தச் சட்டத்துக்கு அல்ல. இதில் குடும்பம் என்றால் கணவன் மனைவி, திருமணமாகாத சிறு பிள்ளைகள், பிள்ளை சிறுவராக இருந்தால் தாய் தகப்பன். வளர்ந்த தம்பிக்கு அண்ணன் அங்கே இருந்தாலும் தானாக உரிமை வராது. மாமா, சித்தப்பா, பாட்டி எல்லாம் கணக்கில் வருவது, தனியாக வந்த 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் விஷயத்தில்தான். கடும் நோய், ஊனம், முதுமை, கர்ப்பம் போன்ற காரணத்தால் ஒருவர் இன்னொருவரைச் சார்ந்திருந்தால் 16ஆம் பிரிவு உதவும், அதிலும் பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தார் மட்டுமே. மீதி இருப்பது 17ஆம் பிரிவு: எந்த நாடும் விரும்பினால் தன் பொறுப்பில்லாத விண்ணப்பத்தையும் எடுத்துக்கொள்ளலாம். அது அரசின் விருப்பம், கேட்கத் தடையில்லை. மாமாவின் அடையாள அட்டைப் பிரதி, வீட்டில் தங்கவைத்திருப்பதற்கான கடிதம், உறவைக் காட்டும் பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள் ஆகியவற்றை வைத்துக் கேட்கலாம். ஆரோக்கியமான வாலிபருக்கு இது கிடைப்பது கடினம் என்று தெரிந்தே கேட்க வேண்டும்.

அனுப்பும் முடிவை எதிர்த்து மேன்முறையீடு செய்யும் உரிமை அவருக்கு உண்டு. கெடு மிகக் குறுகியது, நாட்டுக்கு நாடு மாறும். ஜேர்மனியில் ஒரு வாரம், சுவிஸில் ஐந்து வேலை நாள். பிரான்ஸிலும் நாட்கணக்குத்தான், அந்தக் கடிதத்தின் கடைசிப் பகுதியில் எத்தனை நாள், எந்த நீதிமன்றம் என்று எழுதியிருக்கும். இலவசச் சட்டத்தரணி கேட்கலாம். கடிதத்தோடு, அகதிகளுக்கு உதவும் சிமாட் போன்ற அமைப்பின் அலுவலகத்துக்கு அன்றைக்கே போவது நல்லது. மேன்முறையீடு போட்டால் தீர்ப்பு வரும்வரை அனுப்ப மாட்டார்கள், ஆனால் அந்த ஆறு மாதமும் தீர்ப்பு நாளிலிருந்து புதிதாக எண்ணப்படும். ஆகவே நாள் கடத்துவதற்காக மட்டும் வழக்குப் போடுவதில் லாபமில்லை. "ருமேனியாவில் சம்பளம் குறைவு, பிரான்ஸ் நல்ல நாடு" என்ற வாதம் நிற்காது. அந்த நாட்டின் புகலிட அமைப்பே சீர்குலைந்திருக்கிறது, அங்கே மனிதத்தன்மையற்ற நிலைக்கு ஆளாவார் என்று காட்ட வேண்டும். 2011 ஜனவரியில் கிரேக்கத்தைப் பற்றி ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அப்படித் தீர்ப்பளித்த பிறகு அங்கே அனுப்புவது பல வருடம் நின்றது. 2014இல், சிறு பிள்ளைகளோடு உள்ள குடும்பத்தைத் தகுந்த உத்தரவாதம் பெறாமல் இத்தாலிக்கு அனுப்பக்கூடாது என்று சுவிஸுக்குச் சொல்லப்பட்டது. ருமேனியா முழுவதற்கும் அப்படி ஒரு தடை இல்லை. ஒருவரது கடும் நோயோ மனநிலைப் பாதிப்போ பயணத்தாலேயே மோசமாகும் என்று வைத்தியர் எழுதிக் கொடுத்தால் அது தனி வாதம்; 2017இல் அதையும் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் ஏற்றிருக்கிறது.

ஒரு விஷயத்தை அழுத்திக் கேட்கிறேன், ஏனென்றால் வெட்கத்தால் நம் பிள்ளைகள் இதைச் சொல்வதில்லை. ருமேனியாவில் முதலாளி தம்பியின் கடவுச்சீட்டைப் பிடித்து வைத்திருந்தாரா? கடன் தீரும்வரை போக முடியாது என்று மிரட்டினாரா? சம்பளத்தில் தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் என்று கணக்கில்லாமல் வெட்டினார்களா? அப்படியென்றால் இது வெறும் சம்பளத் தகராறு அல்ல, ஆட்கடத்தலாகவும் கட்டாய உழைப்பாகவும் பார்க்கப்படக்கூடிய குற்றம். அதற்கு ஆளானவருக்கு யோசித்து முடிவெடுக்கக் குறைந்தது 30 நாள் அவகாசமும், விசாரணைக்கு ஒத்துழைத்தால் வதிவிட அனுமதியும் கிடைக்க வழியிருக்கிறது. அது டப்ளினை நிறுத்திவிடும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் சட்டத்தரணிக்குத் தெரியாவிட்டால் நிச்சயமாக எதுவும் நடக்காது. சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கில் விழுந்த தொகை, ஒப்பந்தம், மேற்பார்வையாளரோடு பேசிய வட்ஸ்அப் செய்திகள், எல்லாவற்றையும் தம்பி அழிக்காமல் வைத்திருக்கட்டும்.

ருமேனியாவுக்குப் போனால் கட்டுநாயக்காவுக்கு ஏற்றிவிடுவார்களா என்ற பயத்துக்கு வருவோம். பொறுப்பை ஏற்ற நாடு விண்ணப்பத்தை முழுமையாக விசாரித்தாக வேண்டும். 12ஆம் பிரிவின் கீழ் ஏற்றிருந்தால், தம்பி பிரான்ஸில் சொன்னதே முதல் விண்ணப்பமாக அங்கே தொடரும். நிராகரித்தாலும் நீதிமன்றத்துக்குப் போகலாம். இறங்கியவுடன் குடிவரவு அதிகாரிகளிடம் "புகலிட விண்ணப்பத்தைத் தொடர விரும்புகிறேன்" என்று சொல்லிக் கையெழுத்திட வேண்டும். இதைச் சொல்லாமல் நழுவிப் போனால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாகப் பதிவாகிவிடும். அப்படிப் பதிவான பிறகுதான் நீங்கள் பயப்படும் விமானம் நிஜமாகிறது. அங்கே புக்கரெஸ்ட், திமிஷோரா, கலாட்ஸி உட்பட ஆறு இடத்தில் தங்குமிட முகாம்கள் இருக்கின்றன. வசதி பிரான்ஸைவிடக் குறைவு, தமிழ் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பதும் சிரமம். ஆனால் விளங்கும் மொழியில் நேர்முகம் நடக்க வேண்டும் என்பது அவரது உரிமை. விளங்காத மொழியில் கையெழுத்துப் போட வேண்டாம் என்று இப்போதே சொல்லி வையுங்கள். மருந்து எடுப்பவராக இருந்தால் மருந்துச் சீட்டும் சில வாரத்துக்கான மருந்தும் கையில் இருக்கட்டும்.

இதுவரை பேசியது யார் கேட்பது என்பதை. என்ன சொல்லப் போகிறார் என்பதுதான் கடினமான இடம். 1951ஆம் ஆண்டு அகதிகள் சமவாயத்தில் உள்ள காரணங்கள் ஐந்து: இனம், மதம், தேசியம், அரசியல் கருத்து, குறிப்பிட்ட சமூகக் குழு. இவற்றில் ஒன்றுக்காகத் துன்புறுத்தல் வரும் என்ற நியாயமான பயம் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் மரண தண்டனை, சித்திரவதை, போர் வன்முறை போன்ற பாரதூரமான ஆபத்துக்குத் துணைப் பாதுகாப்பு என்று ஒன்று உண்டு. தோட்டச் சம்பளம் போதாமை, லயத்து வாழ்க்கை, ஏஜென்சிக் கடன், 2025 நவம்பரில் டிட்வா புயலோடு வந்த மண்சரிவில் வீடு போனது ஆகியவை எல்லாம் உண்மையான துயரம். ஆனால் இவை மட்டும் இருந்தால் எந்த ஐரோப்பிய நாடும் அகதி அந்தஸ்து தராது. இதை எழுத எனக்கு மனம் வரவில்லை, ஆனாலும் உங்களுக்கு இப்போதே தெரிய வேண்டும்.

அதனால்தான் தயாராகக் கதை விற்கிறவர்கள் வருகிறார்கள். வன்னியில் பிறந்ததாக, இயக்கத்துக்கு உதவியதாக எழுதிக் கொடுப்பார்கள். தம்பியின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் பதிவான மாவட்டம் நுவரெலியா. இனம் என்ற இடத்தில் 'இந்தியத் தமிழர்' என்றிருக்கும். பேச்சு மலையகப் பேச்சு. நேர்முகம் செய்கிறவர் பாடசாலையின் பெயர், பஸ் போகும் வழி, எந்த ஆஸ்பத்திரி என்று மூன்று கேள்வி கேட்டால் கதை உடைந்துவிடும். உடைந்த பிறகு அவர் சொல்லும் உண்மையையும் யாரும் நம்ப மாட்டார்கள். மறுபக்கம், மலையகத்தாருக்குச் சொந்தமான உண்மைக் காரணங்களும் உண்டு. 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறித் திரும்பிய குடும்பங்கள் பல. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதான மலையக இளைஞர்களும் உண்டு. தொழிற்சங்கப் போராட்டத்தால் வழக்கும் மிரட்டலும் வந்தவர்கள் இருக்கிறார்கள். உங்கள் குடும்பத்தில் அப்படி ஏதாவது இருந்தால், சின்னது என்று நினைத்து மறைக்காமல், நாள் தெரிந்தால் நாளோடு, தெரியாவிட்டால் "தெரியவில்லை" என்றே சொல்லச் சொல்லுங்கள்.

ஊரிலிருந்து நீங்கள் செய்யக்கூடியது பத்திரம் சேர்ப்பது. பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் சான்றுபடுத்திய பிரதி, சிங்களத்தில் இருந்தால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் மொழிபெயர்ப்பு. பெயரைக் கவனியுங்கள். அப்பாவின் பெயர் பிறப்புப் பத்திரத்தில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் ஒரு மாதிரி, கடவுச்சீட்டில் ஆங்கில எழுத்தில் இன்னொரு மாதிரி இருப்பது தோட்டங்களில் சர்வசாதாரணம். அதைத் திருத்த ஓடாதீர்கள். எல்லாம் ஒரே ஆள்தான் என்று ஒரு சத்தியக் கடதாசி எடுத்தால் போதும். பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, நீதிமன்ற வழக்கு எண், மனித உரிமைகள் ஆணைக்குழுவில் கொடுத்த முறைப்பாட்டு எண், ஆஸ்பத்திரி டிக்கெட் ஆகியவை பலமான சான்று. கேட்டு வாங்கும் கிராம சேவகர் கடிதம், கோயில் கடிதம், அரசியல்வாதியின் கடிதம் ஆகியவற்றுக்கு அவ்வளவு எடை கிடையாது. மூலப் பத்திரத்தை அனுப்பும் முன் படம் எடுத்து வையுங்கள். தம்பி அங்குள்ள இலங்கைத் தூதரகத்துக்குப் போய்க் கடவுச்சீட்டுப் புதுப்பிப்பது, உதவி கேட்பது வேண்டாம். தன் நாட்டுக்குப் பயந்தவர் அதே நாட்டின் பாதுகாப்பைத் தேடிப் போனார் என்று அது கோப்பில் ஏறும்.

உண்மையான பயம் எதுவும் இல்லை, பிழைக்கத்தான் போனார் என்றால், இன்னொரு கணக்குப் போட வேண்டும். ருமேனியாவில் வதிவிட அட்டையைப் புதுப்பிக்கவோ வேறு முதலாளியிடம் சேரவோ சட்டப்படி வழி மிஞ்சியிருக்கிறதா என்று அங்குள்ள சட்டத்தரணி ஒருவரிடம் கேட்பது, பிரான்ஸில் ஒளிவதைவிடப் பயனுள்ளது. சுயவிருப்பில் திரும்புவதற்கு அரசு உதவித் திட்டங்களும் உண்டு. நிராகரிப்புக்குப் பிறகு வெளியேறச் சொன்னால் பொதுவாக 7 முதல் 30 நாள் அவகாசம் தருவார்கள். அந்த அவகாசத்தில் போனால் மறுநுழைவுத் தடையைத் தவிர்க்க வாய்ப்புண்டு. தவறினால் ஐந்து வருடம் வரை தடை விழலாம். ஐரோப்பிய ஒன்றியத்தோடு இலங்கை செய்த மீள்ஏற்பு ஒப்பந்தம் 2005 மே முதல் நடைமுறையில் இருக்கிறது, ஆகவே "இலங்கை ஏற்காது, அனுப்ப முடியாது" என்ற நம்பிக்கையும் வீண். 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவும் சாஸ்திரியும் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று நம் ஆட்களைப் பங்கு போட்டபோது, யாரையும் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. இங்கே தம்பியிடம் கேட்கிறார்கள்; நேர்முகம், மொழிபெயர்ப்பாளர், மேன்முறையீடு எல்லாம் இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தாமல் ஓடினால் நம் தாத்தா பாட்டிக்குக் கிடைக்காததை அவரே கையால் தள்ளிவிடுகிறார்.

பிரித்தானியாவுக்குப் படகில் போகலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். 2020 முடிவோடு அந்த நாடு டப்ளினிலிருந்து விலகியது உண்மை. ஆனால் பிரான்ஸோடு செய்து 2025 ஓகஸ்டில் நடைமுறைக்கு வந்த உடன்பாட்டின்படி படகில் வருகிறவர்களில் சிலரைப் பிரான்ஸுக்கே திருப்பி அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். ஆங்கிலக் கால்வாயில் போன உயிர்களுக்கோ யாரும் பதில் சொல்வதில்லை. ஜேர்மனிக்கோ சுவிஸுக்கோ மாறினாலும் யூரோடக்கில் பிரான்ஸ் ஏற்றிய கைரேகை அங்கேயும் தெரியும், அங்கிருந்தும் ருமேனியாவுக்குத்தான். விரலைத் தேய்த்தோ சுட்டோ அழிப்பது ஒத்துழையாமை என்று பதிவாகும், விரலும் புண்ணாகும்.

ஏஜென்சி விஷயத்தை இங்கேயே தொடங்கலாம், தம்பி திரும்பும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் அந்த ஏஜென்சி அனுமதி பெற்றதா என்று பாருங்கள். 1989 என்ற தொலைபேசி இலக்கத்திலும் கேட்கலாம். பணம் கொடுத்த ரசீது, வங்கிச் சீட்டு, சப் ஏஜென்டோடு பேசிய செய்திகள், சொன்ன சம்பளமும் ஒப்பந்தத்தில் இருந்த சம்பளமும் வேறு என்பதைக் காட்டும் தாள்கள் ஆகியவற்றோடு எழுத்தில் முறைப்பாடு கொடுத்து, இலக்கம் போட்ட பிரதியைக் கையில் வாங்குங்கள். ரசீதே இல்லை என்றால், பணம் கொடுக்கும்போது கூட இருந்தவரின் பெயரையும் நாளையும் எழுதி வையுங்கள். அதே முறைப்பாட்டின் பிரதி பிரான்ஸிலோ ருமேனியாவிலோ தம்பியின் சட்டத்தரணிக்கும் உதவும். முதலில் தம்பியைக் கூப்பிட்டு, கடிதத்தின் எல்லாப் பக்கங்களையும், பின்பக்கத்தையும் சேர்த்து, படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கடிதம் கையில் கிடைத்த நாளைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மேன்முறையீட்டு நாள் இன்னும் மிச்சமிருக்கிறதா என்பது அதில்தான் தெரியும்.